கேப்டன் மட்டும் கரையேறலாம்

தாடியஸ் ஒரு முடிவு எடுத்தான்னா அந்த வீட்டுக் கோழி கூட முட்டை போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிக்கும். பேருல தான் தாடி. மூஞ்சியில மருந்துக்கும் கிடையாது. அது பொண்டாட்டி எஸ்லின் உத்தரவு. அதை விடுங்க.

தவக்காலத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. மேசையில காலாலூ கீரை சூப் ஆவி பறக்குது. தாடியஸ் எழுந்து நின்னு கரண்டியால கண்ணாடி கிளாஸை டிங் டிங்னு தட்டினான்.

"எல்லாரும் கேளுங்க. இந்த ஈஸ்டருக்கு மொத்தக் குடும்பமும் நம்ம பாய்மரப் படகுல யூனியன் தீவுக்குப் போறோம். கேப்டன் நான்."

சூப்பை உறிஞ்சிட்டிருந்த மாமியார் ஒக்டேவியாவுக்குக் கரண்டி பாதியில நின்னு போச்சு. பதினெட்டு வருஷத்துல மருமகன் அவங்களை சர்ச் வாசலைத் தாண்டி எங்கயும் கூட்டிட்டுப் போனது கிடையாது.

"எங்கம்மாவையுமா?"ன்னா எஸ்லின்.

"அம்மாவை விட்டுட்டு எப்படிப் போறது? அம்மாவோட தங்கச்சி அங்க தானே இருக்கா?"

"தங்கச்சியப் பாக்கணும்னு அம்மா எட்டு வருஷமா கேக்குறா."

"எட்டு வருஷமா யோசிச்சேன். இப்ப முடிவு பண்ணிட்டேன்."

"ம்"ன்னா எஸ்லின். அவ்வளவு தான். அந்த 'ம்'முக்கு இன்னும் கொஞ்சம் பயந்திருந்தான்னா தாடியஸ் பிழைச்சிருப்பான்.

ஏன் திடீர்னு மாமியார் மேல இவ்வளவு பாசம்? சொல்றேன். போன ஈஸ்டருக்கு யூனியன் தீவுல, க்ளிஃப்டன் துறைமுகத்துல, எக்பர்ட் கடை முன்னாடி இருக்குற பாதாம் மரத்தடியில டோமினோக் கட்டை ஆடற போட்டி நடந்துச்சு. நம்ம ஆளு எக்பர்ட் கூட உக்காந்தான். ஆறு ஆட்டம். ஆறும் தோத்தான். ஆறுக்கு சைபர்! எங்க தீவுங்கள்ல ஒருத்தன் கடன் வாங்கலாம், ஜெயிலுக்குப் போகலாம், பொண்டாட்டிகிட்ட அடி கூட வாங்கலாம். ஆறுக்கு சைபர் மட்டும் வாங்கக் கூடாது. அன்னையில இருந்து அவன் படகு க்ளிஃப்டன் பக்கம் போனாலே கரையில எவனாவது ஒருத்தன் ஆறு விரலைத் தூக்கிக் காட்டுவான். இதுல இன்னொண்ணு, அன்னைக்கு அவன் விளையாடி முடிக்கிற வரைக்கும் எஸ்லின் நாலு மணி நேரம் வெயில்ல படகுத்துறையில நின்னா. வீட்டுக்கு வந்ததும் பைபிளை எடுத்துட்டு வந்து அவன் கையைப் பிடிச்சு அது மேல வெச்சா. "இனிமே டோமினோவைத் தொட மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டான்.

சத்தியம் பண்ணினானே தவிர, அந்த ஆறு விரல் ராத்திரி பகலா கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரே ஒரு தடவை எக்பர்ட்டை ஜெயிச்சுட்டா போதும், அப்புறம் செத்தாலும் சவப்பெட்டியில நிம்மதியா படுத்துக்கலாம்னு இருந்தான்.

இங்க படகு கதையையும் சொல்லிடணும், இல்லேன்னா பின்னாடி முழிப்பீங்க. எங்க கரியக்கூ தீவுல வின்ட்வர்ட் கிராமத்துல ஒரு படகைத் தண்ணியில இறக்குற வரைக்கும் அதோட பேரு ரகசியம். பேரைக் கொடியில தைச்சு, சுருட்டி, பாய்மரத்து உச்சியில கட்டி வெச்சிருப்பாங்க. பாதிரியார் தண்ணி தெளிப்பார், மேளம் அடிப்பாங்க, ஆடு வெட்டுவாங்க, படகைத் தாங்கற முட்டுக்கட்டையை வெட்டிச் சாய்ப்பாங்க, அப்புறம் தான் கொடி பிரியும். பதினாறு வருஷத்துக்கு முன்னாடி தாடியஸ் தன் படகுக்கு 'கடல் ராஜா தாடியஸ்'னு பேரு வெச்சு, கொடியை மட்டும் தைக்கச் சொல்லி எஸ்லின்கிட்ட கொடுத்தான். ஊரே கழுத்தை நிமிர்த்திப் பாக்குது. கொடி பிரிஞ்சுது. ரெண்டடி எழுத்துல, சிவப்புத் துணியில, 'எஸ்லின்'.

"என்னடி இது?"ன்னான்.

"உன் பேரு ரொம்ப நீளம். துணி பத்தல"ன்னா.

அப்பவே அவனுக்கு உறைச்சிருக்கணும்.

சரி, விட்ட இடத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல ஒவ்வொரு அடுப்படியிலயும் ஒரு படகு ரேடியோ இருக்கும். புருஷன் கடல்ல, பொண்டாட்டி அடுப்புல. அரிசி மேல ஒரு கண்ணு, ரேடியோ மேல ஒரு காது. ரேடியோவுல ஒரு படகைக் கூப்பிடணும்னா படகு பேரை மூணு தடவை சொல்லணும். அது முறை. புதன்கிழமை காலையில தாடியஸ் படகுக்குத் தார் பூசிட்டிருக்கான். ரேடியோ அலறுது.

"எஸ்லின், எஸ்லின், எஸ்லின்! க்ளிஃப்டன்ல இருந்து எக்பர்ட் பேசறேன். ஈஸ்டர் சனிக்கிழமைக்கு உன் நாற்காலியை வெச்சிருக்கட்டுமா, இல்ல விரலை எண்ணிட்டு வீட்டுலயே உக்காந்திருக்கப் போறியா?"

"எழுபத்திரண்டுக்கு மாத்து! எழுபத்திரண்டுக்கு மாத்து!"ன்னு பதறினான் தாடியஸ்.

எழுபத்திரண்டுங்கிறது ரேடியோவுல ரகசியம் பேசறதுக்கான சேனல். அன்னைக்கு வின்ட்வர்ட்ல முப்பது வீட்டுல ஒரே நேரத்துல 'டிக்'னு ஒரு சத்தம்.

"வர்றேன்டா"ன்னான் தாடியஸ், குரலைத் தாழ்த்தி. "குடும்பத்தையும் கூட்டிட்டு வர்றேன். அப்ப தான் சந்தேகம் வராது. பேப்பர்ல முத்திரை வாங்கறேன்னு நான் மட்டும் இறங்குவேன். ஆபீஸ்ல கூட்டம்னு சொல்லிக்கலாம். மூணு மணி நேரம் போதும் உன்னை முடிக்க."

"போட்டிப் பலகையில உன் பேரை எழுதிடட்டுமா?"

"என் பேரை எழுதாதே! எவளாவது பாத்துத் தொலைச்சா? 'எஸ்லின் படகு கேப்டன்'னு எழுது."

எஸ்லின் அந்த நேரம் அடுப்படியில மாவு ரொட்டி பொரிச்சிட்டிருந்தா. யாரோ அவ பேரை மூணு தடவை கூப்பிட்டாங்க. நல்ல பொம்பள. கூப்பிட்டா காது கொடுக்காம இருப்பாளா?

சாயங்காலம் தாடியஸ் ஒரு அட்டையில சட்டம் எழுதி படகோட பாய்மரத்துல ஆணி அடிச்சான். முதல் சட்டம்: கேப்டன் பேச்சுக்கு மறுபேச்சு இல்ல. ரெண்டாவது, பெட்டி கூடாது, துணிப்பை மட்டும். இது நல்ல சட்டம், நானே ஒத்துக்கறேன். என் சித்தி ஒருத்தி பெரிய இரும்புப் பெட்டியோட பெக்வியா தீவுக்குக் கிளம்பினா. பெட்டி கீழ அறை வாசல்ல நுழையல, மேல்தட்டுல வெச்சாங்க. ஒரே அலை. பெட்டி போச்சு, பின்னாலயே பாயுறேன்னு சித்தியும் நின்னா. நாலு பேரு பிடிச்சு இழுத்தாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு சாகுற வரைக்கும் சொல்லல.

தொப்பிக்கு நாடா கட்டணும், யாரும் விசில் அடிக்கக் கூடாது, விசிலடிச்சா காத்து கோச்சுக்கும், சோறு முந்தின நாளே ஆக்கிடணும். எல்லாம் ஊரறிஞ்சது தான். ஆறாவதும் ஏழாவதும் தான் விஷயம்.

எஸ்லின் அட்டை முன்னாடி இடுப்புல கை வெச்சு நின்னு சத்தமா படிச்சா. "ஆறு: வேத்து நாட்டுக் கரையில முத்திரை விழற வரைக்கும் கேப்டன் மட்டும் தான் கரையேறலாம்."

"அது நான் போட்ட சட்டம் இல்ல, கவர்மென்ட் சட்டம்"ன்னான் தாடியஸ். "இங்கிருந்து பாத்தா யூனியன் தீவு கைக்கெட்டுற தூரம். ஆனா அது வேற நாடு. மஞ்சள் கொடி ஏத்திட்டு எல்லாரும் படகுலயே உக்காந்திருக்கணும். கேப்டன் காகிதத்தோட போவான், வருவான்."

"எவ்வளவு நேரத்துல வருவான்?"

"ஆபீஸ் வேலை. மூணு மணி நேரமாகும்."

"ஏழு: நங்கூரம் போட்ட பிறகு சமையல் ஆளு படகை விட்டு இறங்கக் கூடாது, கயிறையே பாத்துட்டு இருக்கணும். ஏன், சமையல் ஆளுக்கு மட்டும் தான் கண்ணு இருக்கா?"

"க்ளிஃப்டன்ல காத்து பலமா அடிக்கும். நங்கூரம் நழுவினா படகு பவளப்பாறையில. பொறுப்பான ஆளு வேணும், எஸ்லின். உன்னை விட்டா யாரு?"

"பெரிய மனசு"ன்னா எஸ்லின்.

கிளம்பற நாட்டுலயும் பேப்பர் போடணும். அந்த ஆபீஸ் ஹில்ஸ்பரோ டவுன்ல. செருப்போட போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஷூ வேணும், காலர் வெச்ச சட்டை வேணும். தாடியஸ் கடைசியா ஷூ போட்டது கல்யாணத்தன்னைக்கு.

"நீ போயி எழுதிக் கொடுத்துட்டு வா. பேப்பர் வேலையெல்லாம் பொம்பள வேலை."

"எனக்கென்ன தெரியும்? தப்பா எழுதிட்டா?"

"என்ன பெரிய எழுத்து? படகு பேரு, ஆளுங்க பேரு, யாரு கேப்டன், யாரு சமையல். கோழி கூட கிறுக்கிடும்."

"அப்புறம் கோழி கிறுக்கினதைக் குறை சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன் போ."

சர்ச்சுக்குப் போடற தொப்பியைப் போட்டுட்டு பஸ் ஏறினா எஸ்லின். முத்திரை விழுந்த காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு, மடிச்சு, பைபிளுக்குள்ள வெச்சுக்கிட்டா. தாடியஸ் அதைத் திறந்து கூட பாக்கல. அவனுக்கு வேற வேலை இருந்துச்சு. கல்யாண ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, ரொட்டிப்பலா மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டிருந்தான்.

ஈஸ்டர் சனிக்கிழமை விடிஞ்சதும் கிளம்பினாங்க. தாடியஸ், எஸ்லின், மாமியார், எஸ்லினோட தங்கச்சிங்க ரெண்டு பேரு, டான்டி மெர்லுன்னு ஒரு பெரிய அத்தை, ஒன்பது பிள்ளைங்க. குடும்பத்தோட போறப்ப பெரியவங்க ஆளுக்கு ரெண்டு பிள்ளைன்னு பங்கு பிரிச்சுக்கணும். எல்லாரும் எல்லாரையும் பாத்துக்குவோம்னா, ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்க மாட்டாங்க. வாந்திக்கு இஞ்சி. காலையில வெறும் வயித்துல கிளம்பினா தான் வாந்தி, அதனால காஞ்ச ரொட்டி ஒரு துண்டு கட்டாயம். டான்டி மெர்ல் நூத்திப் பத்து கிலோ. அவங்களைக் காத்து வர்ற பக்கம் உக்கார வெச்சா படகு நிமிர்ந்து ஓடும். பாய் திரும்பறப்பல்லாம் "டான்டி, அந்தப் பக்கம்!"னு ஒரு குரல். டான்டி எழுந்து, தட்டோட, உப்புக்கருவாடு வாயோட, அந்தப் பக்கம் போவாங்க. மணல் மூட்டைக்குக் கூட அவ்வளவு பக்குவம் கிடையாது.

தாடியஸ் சுக்கானைப் பிடிச்சுட்டு நேரா யூனியன் மலையைப் பாத்து விட்டான்.

குடைக்குள்ள இருந்து மாமியார், "மகனே, நேரா பிடிச்சா நேரா போக மாட்டே. நீரோட்டம் மேற்கே இழுக்கும். கிழக்கே தள்ளிப் பிடி."

"மா, சட்டம் ஒண்ணு என்ன சொல்லுது?"

"சட்டத்தை நீரோட்டத்துக்குப் படிச்சுக் காட்டு."

இருபது நிமிஷத்துல முன்னாடி நின்ன மலை வலது பக்கத்துக்கு நகர்ந்துடுச்சு. தாடியஸ் தொண்டையைச் செருமினான். "நான் யோசிச்சுப் பாத்தேன். கொஞ்சம் கிழக்கே போகலாம்."

"நல்ல யோசனை, கேப்டன்"ன்னு மாமியார் குடையைச் சாய்ச்சுக்கிட்டாங்க.

ஒன்பதரைக்கு க்ளிஃப்டன். நங்கூரம் இறங்குச்சு, மஞ்சள் கொடி ஏறுச்சு. கரையில பாதாம் மரம் தெரியுது. மரத்தடியில மேசை தெரியுது. எவனோ ஒருத்தன் ஆறு விரலைத் தூக்குறதும் தெரியுது. தாடியஸ் ரொட்டிப்பலா மூட்டையில கையை விட்டு ஷூவை எடுத்துப் போட்டான். காலர் சட்டையை மாட்டினான். "நான் போயிட்டு வந்துடறேன்"னு திரும்பினா, பின்னால கட்டிட்டு வந்த சின்னத் துடுப்புப் படகுல எஸ்லின் உக்காந்திருக்கா. தொப்பி, கையுறை, மடியில பைபிள்.

"எங்க கிளம்பிட்டே?"

"கரைக்கு."

"கேப்டன் மட்டும் தான் போகணும், எஸ்லின். எத்தனை தடவை சொன்னேன்?"

"பதினாலு தடவை"ன்னு சொல்லிட்டு பைபிளைத் திறந்து காகிதத்தை எடுத்து நீட்டினா. தாடியஸ் படிச்சான். படகு: எஸ்லின். கேப்டன்: எஸ்லின். சமையல்: தாடியஸ். கீழே ஹில்ஸ்பரோ முத்திரை.

"இது... இது தப்பு!"

"கோழி கிறுக்கினது. குறை சொல்லக் கூடாதுன்னு பேச்சு."

"நான் ஆபீசர்கிட்ட வந்து சொல்றேன்!"

"எப்படி வருவே? முத்திரை விழற வரைக்கும் கேப்டன் மட்டும் தான் கரையேறலாம். அது கவர்மென்ட் சட்டம்னு நீ தானே சொன்னே?"

"முத்திரை விழுந்த பிறகு வருவேன்!"

எஸ்லின் துடுப்பாலயே பாய்மரத்துல இருந்த அட்டையைக் காட்டினா. ஏழாவது வரியை. "க்ளிஃப்டன்ல காத்து பலமா அடிக்கும், தாடியஸ். பொறுப்பான ஆளு வேணும். உன்னை விட்டா யாரு?"

துடுப்பு தண்ணியில சளக் சளக்னு போச்சு.

ஆபீஸ்ல அவளுக்கு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? இருபது நிமிஷம். காகிதம் சுத்தமா இருந்தா யாரு நிறுத்தி வெக்கப் போறா? மஞ்சள் கொடி இறங்குச்சு. தங்கச்சிங்க, டான்டி, ஒன்பது பிள்ளைங்க, எல்லாரும் மூணு நடையில கரைக்குப் போயிட்டாங்க. கடைசி நடையில துடுப்புப் படகும் கரையிலயே நின்னுடுச்சு. தாடியஸ் கடல்காரன் தான், ஆனா முழங்காலுக்கு மேல தண்ணி ஏறினா சாமி பேரு சொல்றவன். மாமியார் மட்டும் இறங்கல. தங்கச்சி சாயங்காலம் படகுக்கே வர்றாளாம்.

"கயிறைப் பாரு மகனே"ன்னாங்க. "பாத்துட்டே ரொட்டிப்பலாவை உரி. அந்த ரேடியோவைக் கொஞ்சம் போடு. எழுபத்திரண்டு."

தாடியஸ் கையில இருந்த கத்தி நின்னுடுச்சு. "உங்களுக்கு எப்படி மா எழுபத்திரண்டு...?"

"ஊருக்கே தெரியும். பாதிரியார் கூட கேட்டார்."

ரேடியோவுல எக்பர்ட்டோட பொண்டாட்டி நோரின். கடையில மைக்கைப் பிடிச்சுட்டு ஒவ்வொரு வருஷமும் போட்டியைச் சொல்றது அவ தான். "அடுத்த ஆட்டம்! என் புருஷன் எக்பர்ட்டை எதிர்த்து... எஸ்லின் படகு கேப்டன்! யாரு அது? வாங்க! ஏ அம்மா, தொப்பி போட்ட பொம்பளைல்ல வருது!"

எக்பர்ட் குரல் தூரத்துல கேட்டுச்சு. "இது தாடியஸ் நாற்காலி!"

"பலகையில என்ன எழுதியிருக்கு, படிங்க"ன்னா எஸ்லின். "எஸ்லின் படகு கேப்டன். இந்தாங்க காகிதம். ரெண்டு நாட்டு முத்திரை இருக்கு."

"உன் புருஷன் எங்கே?"

"சமையல் பண்றார்."

அந்தச் சிரிப்பு ரேடியோ இல்லாமயே படகுக்குக் கேட்டுச்சு. தாடியஸ் தலையில கை வெச்சுட்டு உக்காந்தான். "மா, அவளுக்கு டோமினோவே தெரியாது! என் ஆறு போதாதுன்னு இவளும் ஆறு வாங்கி, குடும்பத்துக்குப் பன்னெண்டாகப் போகுது! சத்தியம் வேற வாங்கினா என்கிட்ட!"

"நீ தானே சத்தியம் பண்ணினே. அவ பண்ணலியே."

டப்புனு கட்டையை மேசையில அறையுற சத்தம். நோரின் கத்தினா, "முதல் ஆட்டம், கேப்டன்!"

"குருட்டு அதிர்ஷ்டம்"ன்னான் தாடியஸ்.

ரெண்டாவது ஆட்டமும் கேப்டன். மூணாவதுல கத்தியைக் கீழ வெச்சான். நாலாவதுல ஷூவைக் கழட்டிட்டு ரேடியோ பக்கத்துல சம்மணம் போட்டான். அஞ்சாவதுல எக்பர்ட் கையில கட்டை இருந்தும் போட வழியில்லாம மூணு தடவை பாஸ் சொன்னான். "என் புருஷன் வியர்க்கிறார்"னு நோரின் சந்தோஷமா சொன்னா. தாடியஸ் மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டான். "மா, ஜெபம் பண்ணுங்க மா! அஞ்சுக்கு சைபர், மா!"

"நான் எப்பவோ ஆரம்பிச்சுட்டேன். நீ கயிறைப் பாரு."

ஆறாவது ஆட்டம். ரேடியோ அப்படியே அமைதி. க்ளிஃப்டன் துறைமுகமே மூச்சை அடக்கிட்டு இருக்கு. அப்புறம் டப்! கட்டை விழுந்த வேகத்துல ரேடியோவே கரகரன்னுச்சு.

"ஆறுக்கு சைபர்! ஆறுக்கு சைபர்! என் புருஷன் காலி!"

தாடியஸ் குதிச்சான். மாமியாரைத் தூக்கி ஒரு சுத்து சுத்தினான். பதினெட்டு வருஷத்துல முதல் தடவை. அவங்க மூச்சு வாங்கிட்டே பெஞ்சுக்கடியில இருந்து பெரிய சங்கை எடுத்துக் கொடுத்தாங்க. ஊதினான் பாருங்க ஒரு ஊது! பக்கத்துப் படகு பதிலுக்கு ஊதுச்சு. அதுக்குப் பக்கத்துப் படகு ஊதுச்சு. துறைமுகம் பூரா சங்கும் ஹாரனும். கரையில நின்னவன் ஆறு விரலைத் தூக்கினான். ஆனா இந்தத் தடவை எக்பர்ட் பக்கம் திரும்பி. தாடியஸ் கண்ணுல தண்ணி. தோத்தது போச்சு, அவமானம் போச்சு, எஸ்லின் படகு ஜெயிச்சாச்சு!

சாயங்காலம் துடுப்புப் படகு வந்துச்சு. முன்னாடி எஸ்லின். நடுவுல மாமியாரோட தங்கச்சி. பின்னாடி, கழுத்துல சிவப்பு ரிப்பன் கட்டின கறுப்புக் கடா, அவ தொப்பியைத் தலையில மாட்டிக்கிட்டு. அது தான் பரிசு.

"கால்நடை டாக்டர் சீட்டு இல்லாம உசிரோட நம்ம ஊருக்குக் கொண்டு போக விடமாட்டாங்க"ன்னா. "நாளைக்கு ஈஸ்டர் விருந்து இங்கயே. எக்பர்ட்டும் நோரினும் வர்றாங்க. இருபது பேரு. சமையலுக்கு ஆளு யாருன்னு காகிதத்துல இருக்கு."

"பண்றேன்"ன்னான் தாடியஸ். முகமெல்லாம் பல்லு. "எஸ்லின், ஒண்ணே ஒண்ணு. இந்த ஆட்டத்தை உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"நீ தான்."

தாடியஸுக்கு நெஞ்சு பாய் மாதிரி விரிஞ்சுது. "நானா! அதானே பாத்தேன்! நம்ம கைப்பக்குவம்! எல்லாரும் கேளுங்க, நான் தான்! எப்படிடி கத்துக்கிட்டே?"

எஸ்லின் கடாவோட தலையில இருந்து தொப்பியை எடுத்துத் தட்டி மாட்டிக்கிட்டா. "பதினெட்டு வருஷமா நம்ம ஊர்ல நீ ஆடறப்பல்லாம் தட்டோட உன் நாற்காலிக்குப் பின்னாடி நின்னிருக்கேன். இன்னைக்கு ஒவ்வொரு தடவையும், இந்த இடத்துல நீ எந்தக் கட்டையைப் போடுவேன்னு யோசிச்சேன். அதை மட்டும் போடல."